சில்லறை எந்தப் பணத்தில்?

ரமல்லாவில் வாழும் ஓர் ஆசிரியர் குடும்பம் மாதம் முழுக்க மூன்று வகைப் பணத்தைப் புழங்குகிறது. சம்பளம் இஸ்ரேலிய ஷெகலில் வருகிறது; ரொட்டியும் காய்கறியும் டாக்சிக் கட்டணமும் அதே ஷெகலில்தான். வீட்டு வாடகை பெரும்பாலும் ஜோர்தானிய தினாரில் பேசப்படுகிறது. மகளின் பல்கலைக்கழகக் கட்டணமும் தினார். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகும்போது மணமகன் தர வேண்டிய மஹர் தொகையையும் தினாரில்தான் எழுதுவார்கள். கார் வாங்குவது, பெரிய தொகையைச் சேமித்து வைப்பது என்றால் அமெரிக்க டாலர். இந்த மூன்றில் ஒன்றைக்கூடப் பாலஸ்தீனம் அச்சிடவில்லை. 1994 ஏப்ரலில் கையெழுத்தான பாரிஸ் பொருளாதார நெறிமுறை பாலஸ்தீனர்களுக்கு ஒரு நாணய ஆணையம் அமைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. பணம் வெளியிடும் உரிமையைக் கொடுக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, மூன்று பணமும் ஒன்றோடொன்று போட்டி போடவில்லை என்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அன்றாடத்துக்கு ஒன்று, நீண்ட கால ஒப்பந்தத்துக்கு ஒன்று, பெரிய கொள்முதலுக்கு ஒன்று. ஜோர்தானின் ஆட்சி மேற்குக் கரையில் 1967ல் முடிந்துவிட்டது. ஆனாலும் வாடகைப் பத்திரத்திலும் மஹர் பத்திரத்திலும் அதன் தினார் இன்னும் இருக்கிறது. ஷெகல் 1980களில் கடும் பணவீக்கத்தில் சிக்கிய காலத்தில் தினாரில் எழுதி வைத்தவர்களே தப்பினார்கள். அந்த நினைவு பத்திரம் எழுதும் பழக்கத்தில் தங்கிவிட்டது.

ஒரு நாட்டுக்கு ஒரு பணம் என்பதை இன்று இயற்கை விதிபோல எடுத்துக்கொள்கிறோம். வரலாற்றில் அது மிக அண்மைக் காலத்து ஏற்பாடு. அமெரிக்காவிலேயே ஸ்பானிய வெள்ளி டாலர் 1857 வரை சட்டப்படி செல்லுபடியானது. ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா 1780ல் இறந்தார். அந்த ஆண்டைப் பொறித்த அவருடைய வெள்ளி நாணயத்தை அதன்பின்னும் வார்த்துக்கொண்டே இருந்தார்கள். எத்தியோப்பியாவிலும் யேமனிலும் அது இருபதாம் நூற்றாண்டு வரை பெரிய வியாபாரத்தை நடத்தியது. அதே எத்தியோப்பியாவின் சந்தைகளில் சின்னச் சின்னக் கொடுக்கல் வாங்கலுக்கு உப்புக் கட்டி இருந்தது. இப்படிப்பட்ட சந்தைகளைக் காலமெல்லாம் ஆராய்ந்த ஜப்பானிய வரலாற்றாசிரியர் அகினோபு குரோடா, பணங்கள் ஒன்றையொன்று விலக்குவதைவிட ஒன்றுக்கொன்று துணையாக நிற்பதே வழக்கம் என்று வாதிடுகிறார். ஊர்ச் சந்தையின் சில்லறைத் தேவையும் தொலைதூர வணிகத்தின் பெருந்தொகைத் தேவையும் வேறு வேறு. ஒரே பணத்தால் இரண்டையும் எப்போதும் சரியாகச் செய்ய முடிந்ததில்லை என்பது அவர் கூற்றின் சாரம்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று ஓடியது. ஆனால் அது ஏட்டுக் கணக்குதான். சந்தையில் ஒரு வராகனுக்குக் கிடைத்த பணம் கூடும், குறையும். ஆற்காட்டு ரூபாய் ஒரு பக்கம் புழங்கியது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் தரங்கம்பாடியில் டேனியரும் தத்தம் காசுகளை அடித்தார்கள். நாணயத்தைத் தட்டிப் பார்த்து, உரைத்துப் பார்த்து, தேய்மானத்துக்கு வட்டம் பிடித்து மாற்றிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட சராப்புகள் ஒவ்வொரு கடைத்தெருவிலும் இருந்தார்கள். வராகனில் முன்பணம் பேசி, அதைச் சில்லறைக் காசாக மாற்றி அரிசி வாங்கிய நெசவாளி ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் இழந்தான். 1818ல் கம்பெனி வராகனை ஒதுக்கிவிட்டு, 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் வைத்து, ரூபாயைச் சென்னை மாகாணத்தின் பொதுப் பணமாக்கியது. அதற்குப் பிறகுதான் ஒற்றைப் பணம் என்ற எண்ணம் இங்கே வேரூன்றத் தொடங்கியது.

இன்றைய உலகில் பல பணம் புழங்கும் இடங்களைப் பார்க்கும்போது ஒரு கேள்வியை விடாமல் கேட்க வேண்டியிருக்கிறது. எந்தப் பணம் வலுவானது என்பது அந்தக் கேள்வி அல்ல. யாருக்கு எந்தப் பணத்தில் கூலி கிடைக்கிறது, அவர் எந்தப் பணத்தில் செலவழிக்க வேண்டியிருக்கிறது என்பதே கேள்வி. இரண்டும் ஒன்றாக இருந்தால் கடையில் நான்கு வகைத் தாள் புழங்கினாலும் பாதகமில்லை. வேறாக இருந்தால், இடைவெளியை யாரோ ஒருவர் தன் கையிலிருந்து கட்டுகிறார்.

கம்போடியாவை எடுத்துக்கொள்வோம். புனோம் பென்னில் ஒரு கடையில் 3 டாலர் 75 சென்ட்டுக்குச் சாமான் வாங்கி 5 டாலர் தாளை நீட்டினால், கல்லாவில் இருப்பவர் ஒரு டாலர் தாளையும் 1,000 ரியலையும் திருப்பித் தருவார். அமெரிக்கச் சென்ட் நாணயம் அங்கே புழக்கத்தில் இல்லை. டாலருக்குக் கீழே உள்ள எல்லாமே ரியல். கணக்கு ஒரு டாலருக்கு 4,000. சந்தை விகிதம் 4,100 பக்கம் போகும்போது, சில கடைகளில் வாங்கும்போது ஒரு விகிதமும் கொடுக்கும்போது ஒரு விகிதமும் எழுதி ஒட்டியிருப்பார்கள். ஒரு டாலருக்கு 100 ரியல் என்பது நூற்றுக்கு இரண்டரை. சுற்றுலாப் பயணிக்கு அது கண்ணில் படாது. தினம் இரண்டு மூன்று தடவை மாற்றிச் செலவழிக்கும் உள்ளூர்க்காரருக்கு அது கணக்கில் வரும்.

ரியல் தாள் கசங்கியிருக்கலாம், அழுக்காக இருக்கலாம், வாங்கிக்கொள்வார்கள். டாலர் தாளின் ஓரத்தில் சின்னக் கிழிசல் இருந்தால் கடைக்காரர் கையை ஆட்டி மறுத்துவிடுவார். எனவே டாலர் வாங்கும் ஒவ்வொருவரும் தாளை வெளிச்சத்தில் பிடித்து, நான்கு ஓரத்தையும் தடவிப் பார்த்துத்தான் பையில் வைக்கிறார்கள். செல்லாத தாளைத் தள்ளிவிட முடியாதவர் பணமாற்றுக் கடையில் வட்டம் கொடுத்து மாற்ற வேண்டும்.

இந்த நிலைக்கு ஒரு கொடிய முன்கதை இருக்கிறது. 1975 ஏப்ரல் 17 அன்று புனோம் பென்னுக்குள் நுழைந்த கெமர் ரூஜ் பணத்தையே ஒழித்தது. தேசிய வங்கிக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அந்த நாட்டில் பணம் என்று எதுவும் கிடையாது, சந்தையும் கிடையாது. அந்த ஆட்சி விழுந்த பின், 1980ல் ரியல் மறுபடி வந்தது. இடைப்பட்ட காலத்தில் மக்கள் அரிசியையும் தங்கத்தையும் வைத்துப் பண்டமாற்று செய்தார்கள். அரசின் தாளை நம்பிச் சேமிக்கும் மனம் அப்படிப்பட்ட மக்களுக்கு எளிதில் வராது. அந்த அவநம்பிக்கை நீடித்த நேரத்தில், 1992ல், ஐக்கிய நாடுகள் சபையின் இடைக்கால நிர்வாகம் சுமார் 22,000 ஆட்களோடும் 160 கோடி டாலர் அளவிலான செலவோடும் வந்து இறங்கியது. வாடகை, கார், உணவு, உள்ளூர் ஊழியர் சம்பளம் எல்லாம் டாலரில். நகரத்தின் பணமாக டாலர் நிலைத்தது அப்போதுதான்.

இன்று வங்கி வைப்புகளில் மிகப் பெரும்பகுதி டாலரில் இருக்கிறது. ஏடிஎம் இயந்திரம் டாலர் தருகிறது. ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலியை அரசே டாலரில்தான் அறிவிக்கிறது. 2024ல் மாதம் 204 டாலர், 2025ல் 208 டாலர். அரசு ஊழியருக்கோ சம்பளம் ரியலில். வரியும் மின் கட்டணமும் ரியலில். கிராமச் சந்தையில் விலை ரியலில் சொல்லப்படுகிறது. தாய்லாந்து எல்லையில் பொய்பெட், பட்டம்பாங் பக்கம் போனால் பாட் சேர்ந்துகொள்கிறது. வியட்நாம் எல்லையில் டாங்.

கம்போடிய தேசிய வங்கி செய்த ஒரு காரியம் மெச்சத்தக்கது. அது டாலரைத் தடை செய்யவில்லை. ரியலின் மதிப்பைப் பல ஆண்டுகளாக 4,000 பக்கத்திலேயே நிறுத்திவைத்தது. 2016ல், வங்கிகள் தங்கள் கடனில் குறைந்தது நூற்றுக்குப் பத்தை ரியலில் கொடுக்க வேண்டும் என்று 2019 முடிவு வரை கெடு வைத்தது. 2020ல் 1, 2, 5 டாலர் சிறு தாள்களை மெல்ல விலக்க முனைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பாகொங் என்ற கைபேசிப் பணப் பரிமாற்ற முறையைத் தொடங்கியது. அதில் ரியலும் டாலரும் இரண்டுமே உண்டு. 2022ல் எல்லா வங்கிகளுக்கும் பொதுவான க்யூஆர் குறியீடு வந்தது. தெருவோர நூடுல்ஸ் வண்டியில்கூட அட்டை தொங்குகிறது. சில்லறையைத் தேடும் தொல்லையும் கிழிந்த தாளின் பயமும் அங்கே இல்லை என்பதால், ரியலில் கொடுக்கத் தயங்கியவர்களும் கைபேசியில் ரியலைக் கொடுக்கிறார்கள். பொறுமையால் ஒரு மத்திய வங்கி இழந்த நம்பிக்கையை மீட்க முயல்வதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஜிம்பாப்வே எதிர் எடுத்துக்காட்டு. அங்கே மக்கள் ஒரு தடவை அல்ல, பல தடவை சொந்தப் பணத்தால் ஏமாற்றப்பட்டார்கள். 2008 ஜூலையில் அரசே ஒப்புக்கொண்ட ஆண்டுப் பணவீக்கம் 23 கோடியே 10 லட்சம் சதவீதம். 2009 ஜனவரியில் நூறு லட்சம் கோடி டாலர் தாள் வெளிவந்தது. அதே மாதக் கடைசியில் அரசு கைவிட்டு, அந்நியப் பணத்தில் வியாபாரம் செய்யலாம் என்று அறிவித்தது. அமெரிக்க டாலர், தென்னாப்பிரிக்க ராண்ட், போட்ஸ்வானாவின் பூலா, பிரிட்டிஷ் பவுண்டு, யூரோ. 2014 ஜனவரியில் சீன யுவான், ஜப்பானிய யென், ஆஸ்திரேலிய டாலரோடு இந்திய ரூபாயும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. தலைநகர் ஹராரேயின் சந்தையில் ரூபாயைக் கொடுத்துத் தக்காளி வாங்கியவர் யாருமில்லை. பட்டியல் ஒன்பது பணமாக நீண்டாலும் புழங்கியது டாலரும் ராண்டும்தான். ஒரு பணத்தை அனுமதிப்பது அரசின் கையில் இருக்கிறது. அதைப் புழங்கவைக்க, தொடர்ந்து வந்துசேரும் தாளும் காசும் வேண்டும்.

அந்தக் காசு இல்லாததுதான் ஹராரே மக்களின் பெரிய பாடாக இருந்தது. டாலர் தாள் வந்தது, சென்ட் வரவில்லை. அமெரிக்காவிலிருந்து நாணயத்தை எடை போட்டு ஏற்றி வருவது கட்டுப்படியாகாது. அதனால் 80 சென்ட் ரொட்டிக்கு ஒரு டாலர் கொடுத்தால் மீதிக்கு மிட்டாய், பேனா, தீப்பெட்டி, அல்லது அடுத்த தடவை கழித்துக்கொள்ள ஒரு துண்டுச்சீட்டு. கோம்பி என்று அழைக்கப்படும் சிற்றுந்தில் கட்டணம் 50 சென்ட். நடத்துநர் முன்பின் தெரியாத இரண்டு பயணிகளுக்குச் சேர்த்து ஒரே டாலர் தாளைக் கொடுத்து, இறங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள் என்பார். இருவரும் சாலையோரத்தில் நின்று, எதையாவது வாங்கி அந்த டாலரை உடைத்தாக வேண்டும். இதற்கிடையே சிறு தாள்கள் உள்ளாடையிலும் காலணியிலும் சுருட்டி வைக்கப்பட்டு, அழுக்கேறி நாறிப்போக, மக்கள் அவற்றைச் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் உலர்த்தினார்கள். நடுத்தர வர்க்கத்துக்கு இது ஒரு தொந்தரவு. நாளுக்கு இரண்டு மூன்று டாலர் சம்பாதிப்பவருக்கு ஒவ்வொரு ரொட்டியிலும் 20 சென்ட் மிட்டாயாகப் போவது வயிற்றில் அடிப்பது.

2014 டிசம்பரில் மத்திய வங்கி பாண்ட் காசு என்று 1, 5, 10, 25 சென்ட் நாணயங்களை வெளியிட்டது. மக்கள் முதலில் தொட மறுத்தார்கள். பழைய ஜிம்பாப்வே டாலர் பின்வாசல் வழியாக வருகிறது என்ற பயம். ஆனால் 2015ல் ராண்ட் சரியத் தொடங்கியது. கடைக்காரர்கள் பத்து ராண்ட் ஒரு டாலர் என்று தோராயமாக வைத்திருந்த கணக்கு உடைந்தது. அப்போது பாண்ட் காசு தானாகவே கைக்கு வந்தது. சில்லறைத் தேவை அவ்வளவு உண்மையானது. அதே ஆண்டு பழைய வங்கி இருப்புகளை மாற்றிக்கொள்ள அரசு கொடுத்த விகிதம், 350 கோடி கோடி பழைய டாலருக்கு ஓர் அமெரிக்க டாலர்.

காசு வெற்றி பெற்றதைப் பார்த்து அரசு 2016 நவம்பரில் பாண்ட் தாளையும் வெளியிட்டது. ஒன்றுக்கு ஒன்று என்று அமெரிக்க டாலரோடு சமமாக்கியது. அங்கேதான் பிழை. அரசு இரண்டு பணத்தைக் கட்டாயமாகச் சமமாக வைத்தால், மட்டமானதைச் செலவழித்துவிட்டு நல்லதை ஒளித்துவைப்பது மனித இயல்பு. டாலர் தாள்கள் தலையணைக்குள் போயின. வங்கி வாசலில் விடியற்காலையிலேயே வரிசை நின்றது. 2019 ஜூனில் அந்நியப் பணத்தைத் தடை செய்தார்கள். 2020 மார்ச்சில் மறுபடி அனுமதித்தார்கள். 2024 ஏப்ரலில் தங்கத்தின் ஆதாரத்தோடு ஜிக் என்ற புதுப் பணம், டாலருக்கு 13.56 என்று தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஒரே நாளில் அதன் மதிப்பை நூற்றுக்கு 43 வெட்டினார்கள். டாலரும் உள்நாட்டுப் பணமும் சேர்ந்து புழங்க 2030 வரை சட்டம் இடம் தருகிறது. அரசே பாஸ்போர்ட்டுக்கு டாலர் கேட்கும்போது, தெருவில் பழம் விற்கும் பெண் ஜிக்கை நம்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பக்கத்து நாட்டின் பணத்தோடு கட்டிக்கொண்டதால் வந்த இரட்டைப் பணம் வேறு வகை. நேபாள ரூபாய் 1993 முதல் இந்திய ரூபாயோடு 1.60 என்ற விகிதத்தில் கட்டப்பட்டிருக்கிறது. நூறு இந்திய ரூபாய் என்றால் 160 நேபாள ரூபாய் என்பது தராய்ச் சமவெளியில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் மனப்பாடம். விலை கேட்டால் கடைக்காரர் “ஐ.சி.யா, என்.சி.யா?” என்று திருப்பிக் கேட்பார். இந்தியப் பணமா, நேபாளப் பணமா என்று பொருள். எந்தப் பணம் என்று கேட்காமல் விலை பேசியவர் நூற்றுக்கு அறுபது கூடுதலாகக் கொடுத்துவிட்டு வர நேரும். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான முக்திநாத்துக்கு யாத்திரை போகும் தமிழ்நாட்டு வைணவர்கள் இந்தக் கேள்வியை வழியெங்கும் கேட்டிருப்பார்கள்.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் 2016 நவம்பர் 8 இரவு தெரிந்தது. இந்திய அரசு 500, 1,000 ரூபாய்த் தாள்களைச் செல்லாது என்று அறிவித்தபோது, எல்லைக்கு அப்பால் இருந்தவர்களுக்கு வரிசையில் நின்று மாற்றிக்கொள்ள வங்கிகூட இல்லை. டெல்லியிலும் லூதியானாவிலும் காவல் வேலையும் கட்டட வேலையும் பார்த்துச் சேர்த்து, பெரிய தாளாக வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியில் வைத்திருந்த நேபாளத் தொழிலாளர்கள் எத்தனையோ பேர். இரு நாட்டு மத்திய வங்கிகளும் பேசிக்கொண்டே இருந்தன, தாள்கள் மாறவில்லை. 2018 டிசம்பரில் நேபாள அரசு 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்தியத் தாள்களுக்குத் தடை போட்டது. அடுத்த வீட்டுப் பணத்தில் சேமிப்பவருக்கு அந்த வீட்டின் முடிவுகளில் வாக்கு இல்லை. இந்தியர்கள் இதைப் பற்றி அதிகம் பேசியதில்லை, பேசியிருக்க வேண்டும்.

பூட்டானில் ங்குல்ட்ரம் 1974 முதல் இந்திய ரூபாயோடு ஒன்றுக்கு ஒன்று. ரூபாயும் அங்கே செல்லும். ஃபுன்ட்ஷோலிங்கில் இரண்டையும் ஒரே கல்லாவில் போடுவார்கள். 2012ல் ரூபாய்த் தட்டுப்பாடு வந்தபோதுதான், சமம் என்று எழுதிவைத்த இரண்டும் சமமில்லை என்பதை அந்த நாடு உணர்ந்தது.

இந்திய ரூபாய் ஒரு காலத்தில் வளைகுடாவின் பணமாகவும் இருந்தது. குவைத், பஹ்ரைன், கத்தார், ஓமன், இன்றைய ஐக்கிய அரபு எமிரேட்ஸ் எல்லாம் ரூபாயில் வியாபாரம் செய்தன. தங்கக் கடத்தலுக்காக ரூபாய்த் தாள்கள் கட்டுக்கட்டாக வெளியே போனதால், 1959ல் ரிசர்வ் வங்கி அங்கே மட்டும் செல்லும் தனித் தாளை வேறு நிறத்தில் வெளியிட்டது. 1961ல் குவைத் சொந்த தினாருக்கு மாறியது, 1965ல் பஹ்ரைன். 1966 ஜூன் 6 அன்று டெல்லி ரூபாயின் மதிப்பைத் தடாலடியாகக் குறைத்தபோது, கத்தாரும் துபாயும் ஒரே ஆண்டுக்குள் ரூபாயைக் கைவிட்டன. டெல்லியில் எடுத்த ஒரு முடிவால் தங்கள் சேமிப்பு ஓர் இரவில் கரையும் என்றால், அந்தப் பணத்தில் இருக்க யாருக்கும் மனம் வராது.

ஒழுங்காக நடக்கும் இரட்டைப் பணமும் உண்டு. சிங்கப்பூரும் புரூணையும் 1967ல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஒருவரின் டாலரை மற்றவர் ஒன்றுக்கு ஒன்றாக, கட்டணமின்றி ஏற்க வேண்டும். மலேசியாவும் அதில் இருந்தது, 1973ல் விலகிக்கொண்டது. சிங்கப்பூர்க் கடையில் சுல்தான் படம் போட்ட தாளை நீட்டினால் வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொள்வார்கள். புரூணையில், “சிங்கப்பூர்” என்று தமிழிலும் பொறித்த நாணயம் சில்லறையாக வரும். இரு அரசும் பின்னால் நின்று, தேங்கும் தாளை ஒன்றுக்கொன்று திருப்பி எடுத்துக்கொள்வதால் கடைக்காரருக்கு நட்டம் இல்லை. ஐம்பதாண்டு கடந்தும் குலையாமல் நிற்பதற்குக் காரணம் அந்தப் பின்புல ஏற்பாடுதான். அதே சிங்கப்பூரின் மறு எல்லையில் நிலைமை வேறு. ஜொகூர் பாருவிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ரயிலில் வர 5 ரிங்கிட். அதே ஐந்து நிமிடப் பயணம் உட்லண்ட்ஸிலிருந்து திரும்பிப் போக 5 சிங்கப்பூர் டாலர். ஒரு டாலர் மூன்று ரிங்கிட்டுக்கு மேல் போகும்போது, எண் ஒன்றுதான், கட்டணம் ஒன்றல்ல.

மக்காவ் நகரில் பட்டாக்கா 1.03 கொடுத்தால் ஒரு ஹாங்காங் டாலர். கடைகளோ இரண்டையும் சமமாக வாங்கிக்கொள்கின்றன. ஹாங்காங் டாலரில் கொடுப்பவர் நூற்றுக்கு மூன்று இழக்கிறார். மீதிச் சில்லறை பெரும்பாலும் பட்டாக்காவில் வரும், அது ஹாங்காங்கில் செல்லாது. சூதாட்ட மேசைகள் ஓடுவதே ஹாங்காங் டாலரில்தான். இங்கே வட்டத்தைக் கட்டுபவர் விருந்தாளி, அதனால் யாரும் புலம்புவதில்லை. சுவிட்சர்லாந்தின் ரயில் நிலையங்களும் பேரங்காடிகளும் யூரோவை வாங்கிக்கொண்டு பிராங்க்கில் மீதி தருவதும் அதே வகை.

சுவிட்சர்லாந்தால் முழுக்கச் சூழப்பட்ட ஜெர்மன் ஊரான ப்யூசிங்கன் சுவையானது. சட்டப்படி அங்கே யூரோதான் பணம். ஆனால் ஊர் சுவிஸ் சுங்க எல்லைக்குள் இருக்கிறது. பலர் சுவிஸ் பக்கம் வேலைக்குப் போய் பிராங்க்கில் சம்பளம் வாங்குகிறார்கள். கடையில் விலையும் பிராங்க். ஊருக்கு ஜெர்மன் அஞ்சல் குறியீடு ஒன்று, சுவிஸ் குறியீடு ஒன்று. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் தேசிய வங்கி யூரோவுக்கு வைத்திருந்த 1.20 தடுப்பை எடுத்துவிட, பிராங்க் ஒரே நாளில் எகிறியது. ஒரே தெருவில் பிராங்க் சம்பளக்காரருக்கு அது வரவு, ஜெர்மனியிலிருந்து யூரோவில் ஓய்வூதியம் வாங்கும் முதியவருக்கு அது செலவு. செல்வச் செழிப்புள்ள நாடுகளிலும் கேள்வி அதேதான்.

ஒரே பணம் இரண்டாகப் பிளந்த விசித்திரமும் நடந்திருக்கிறது. யேமனில் ஏடன் அரசு 2016க்குப் பின் அச்சடித்த புது ரியல் தாள்களை, சனாவை ஆளும் ஹூதிகள் 2019 டிசம்பரில் தடை செய்தார்கள். பெயர் ஒன்று, நாடு ஒன்று. ஆனால் சனாவில் பழைய தாள் டாலருக்கு ஐந்நூற்றுச் சொச்சத்தில் நிற்க, ஏடனில் புதுத் தாள் ஆயிரத்தைத் தாண்டி, இரண்டாயிரத்தையும் தாண்டியது. ஏடனில் வேலை செய்து சனாவில் இருக்கும் தாய்க்குப் பணம் அனுப்பும் மகன், சொந்த நாட்டுக்குள்ளேயே அந்நியச் செலாவணி மாற்ற வேண்டியிருக்கிறது. ஈராக்கில் 1993க்குப் பின் இதுவே நடந்தது. சதாம் அரசு பழைய 25 தினார் தாளை ரத்து செய்தது. குர்து மக்கள் அதை ஏற்காமல் பழைய தாளையே பத்தாண்டு புழங்கினார்கள். பின்னால் நிற்க எந்த அரசும் இல்லாத அந்தக் கந்தல் தாள், பாக்தாத் அச்சடித்துக் குவித்த புதுத் தாளைவிட மதிப்பாக இருந்தது. புதிதாக யாரும் அச்சிட முடியாது என்பதே அதன் பலம்.

காசா இன்று இருக்கும் நிலையை இந்தப் பட்டியலில் மற்றொன்றாகச் சொல்லிக் கடக்க மனம் வரவில்லை. 2023 அக்டோபருக்குப் பின் அங்கே புதுத் தாள்கள் வரவில்லை. இருக்கிற ஷெகல் தாள்களே கை மாறி மாறி நைந்தன. கிழிந்த தாளைப் பசை போட்டு ஒட்டித் தருவது ஒரு தெருத்தொழிலானது. வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறியிருந்தாலும் அதைக் கையில் ரொக்கமாக வாங்க இடைத்தரகருக்கு நூற்றுக்கு முப்பது, நாற்பது வரை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. மூன்று வகைப் பணத்தை உரிய இடத்தில் உரியபடி புழங்கத் தெரிந்த சமூகம் அது. தாள் உள்ளே வரும் வாசல் அவர்கள் கையில் இல்லை.

லெபனானில் 1997 முதல் 2019 வரை ஒரு டாலர் 1,500 லிரா என்பதை மக்கள் மூச்சுபோல் வைத்திருந்தார்கள். டாலர் கொடுத்து லிராவில் மீதி, லிரா கொடுத்து டாலரில் மீதி. வங்கிகள் டாலர் கணக்குகளை முடக்கியதும் விகிதம் சரியத் தொடங்கி, 2023ல் 89,500க்கு வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் பேரங்காடிகள் டாலரில் விலை போட அரசு அனுமதித்தது. தினம் பத்துத் தடவை விலைச்சீட்டு மாற்றும் வேலை மிச்சம் என்று கடைக்காரர்களுக்கு நிம்மதி. வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் டாலர் இருந்த வீட்டுக்கும் அது பெரிய மாற்றமில்லை. லிராவில் சம்பளம் வாங்கிய படைவீரர், ஆசிரியர், நகராட்சி ஊழியர் நிலைதான் வேறு. மாதம் சுமார் 800 டாலர் பெறுமானமாக இருந்த சிப்பாயின் சம்பளம் நூறு டாலருக்கும் கீழே போயிருந்தது.

தடை போட்டு இதைத் தீர்த்த நாடு எளிதில் கிடைக்காது. 2021 நவம்பரில் ஆப்கானிஸ்தானில் தாலிபான் அந்நியப் பணத்தைத் தடை செய்தார்கள். அதற்கு முன் ஜலாலாபாத்தில் பாகிஸ்தான் ரூபாயும் ஹெராத்தில் ஈரானியப் பணமும் ஆப்கானியைவிடத் தாராளமாகப் புழங்கிய காலங்கள் உண்டு. எல்லைக்கு அப்பாலிருந்து மாவும் எண்ணெயும் வரும் வரை அந்தப் பணத்துக்குத் தேவையும் இருக்கும். மியான்மரின் மியாவடியில் தாய் பாட்டும் சீன எல்லையோர மோங் லாவில் யுவானும் புழங்குவதற்கும் அதே காரணம். வெனிசுலாவின் தாச்சிரா மாநிலத்தில் கொலம்பிய பேசோ. பொலிவார் மாநிலத்துச் சுரங்க ஊர்களில் கடைக்காரர் மேசையில் சின்னத் தராசு வைத்துத் தங்கத்துகளை நிறுத்து வாங்குகிறார்.

வெனிசுலாவில் 2019 முதல் டாலர் அரசின் கண்ணெதிரே புழங்குகிறது. கராகஸ் கடைகளில் விலை டாலரில். சில்லறைக்குத் தட்டுப்பாடு என்பதால் மீதி பல சமயம் பொலிவாரில், கைபேசி வழியாக. தனியார் வேலையில் இருப்பவருக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியாவது டாலரில் கிடைக்கிறது. குறைந்தபட்சக் கூலியும் அதனோடு கட்டப்பட்ட முதியோர் ஓய்வூதியமும் 2022 மார்ச்சில் மாதம் 130 பொலிவார் என்று நிர்ணயிக்கப்பட்டன. அன்று அது சுமார் 30 டாலர். 2024 முடியும்போது 3 டாலருக்கும் கீழே. அரசு இதற்கு ஈடாக டாலர் மதிப்போடு இணைத்த படித்தொகைகளைச் சேர்த்திருக்கிறது. அந்தப் படித்தொகை சம்பளமாகக் கணக்கிடப்படுவதில்லை. விடுமுறைச் சம்பளத்துக்கும் பணிக்கொடைக்கும் இன்னும் அந்த 130 பொலிவாரையே அடிப்படையாக வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்.